காளையின் பேரில் கொடுத்த பாட்டில்

என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு பொலிகாளை இருந்தது. பசுக்களுக்கு விடுவதற்கென்றே வளர்க்கிற காளை. செவலை நிறம், மலைமாட்டு இனம். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் பசு வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் அதைத் தேடித்தான் வருவார்கள். பருவத்துக்கு வந்த மாடு விடிந்ததும் எங்கள் வாசலில் கத்திக்கொண்டு நிற்கும்.

நான் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம். மழையை நம்பிய காடு. இங்கே ஆற்றுத் தண்ணீர், இரண்டு போகம் நெல். பச்சையான இடம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பச்சையாகத்தான் இருந்தது. அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்தொன்பது வயது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள்.

காளைக்கு ஒரு சட்டம் இருந்தது. விட்ட பசு இருபத்தொரு நாளில் மறுபடி கத்தினால் இன்னொரு தடவை சும்மா விட வேண்டும். மூன்றாவது தடவையும் சினை நிற்கவில்லை என்றால் பசுவைக் குறை சொல்லலாம். வரிசையாக நாலு வீட்டுப் பசு நிற்கவில்லை என்றால் குறை காளை மேல். அப்போது காளையை மாற்றியாக வேண்டும். ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட சட்டம். வாசலில் சண்டை வந்தால் என் மாமியார்தான் தீர்ப்புச் சொல்வார். நியாயமாகத்தான் சொல்வார். ஒரு தடவை தன் சொந்த அண்ணன் பசு விசயத்திலேயே, "காளையில குறையில்ல, உன் மாட்டுக்குத் தீனி பத்தல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்.

வீட்டுக்குள் அந்தச் சட்டம் வரவில்லை. வீட்டுக்குள் பசு ஒன்றுதான். அது நான்.

முதல் வருசம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வருசம் கேட்டார்கள். மூன்றாம் வருசம் மலைவேம்பு வந்தது.

மலைவேம்பு இலையை அரைத்துச் சாறு பிழிந்து, தூரமான மூன்று நாளும் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். கசப்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லலாம். அது போதாது. பின்கட்டில் மரமே இருந்தது. மாமியார் மாசாமாசம் தானே இலை பறித்து, தானே அரைத்து, நான் விழுங்கி முடிக்கிற வரை எதிரில் நிற்பார்.

"குடி ஆத்தா, கண்ண மூடிக்கிட்டுக் குடி. இதக் குடிச்சுத்தான் மேலத்தெருக்காரி ரெட்டைப் புள்ள பெத்தா."

மேலத்தெருக்காரி அதைக் குடிக்கவே இல்லை என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். நான் அதை மாமியாரிடம் சொல்லவில்லை. குடித்தேன்.

கோயில்களும் போனோம். மரத்தில் தொட்டில் கட்டினேன். தரையில் போட்ட சோற்றைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுத்துத் தின்றேன். தேவதானப்பட்டியில் ஒரு வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, கர்ப்பப்பையில் சூடு என்றார். போடியில் இன்னொருவர் அதே நாடியைப் பிடித்துக் குளிர்ச்சி என்றார். சூட்டுக்கு ஆறு மாதம், குளிர்ச்சிக்கு ஆறு மாதம் மருந்து தின்றேன். பிறகு ஒரு நர்சம்மா சொல்லி வயிற்றைக் கழுவி விட்டார்கள். கழுவிவிட்டால் அடுத்த மாதமே நிற்கும் என்று அப்போது ஒரு பேச்சு. ஒரு மாதமும் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவர். என்னை அடித்ததில்லை. பேசுவதும் குறைவு. காளையோடு அதிகம் பேசுவார். இந்த வைத்தியம் எதிலும் அவருக்கு வேலை இருக்கவில்லை. என்னைப் பஸ் ஏற்றிவிடுவார். அதோடு சரி.

ஆறாம் வருசம் தேனியில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அந்தம்மா மதுரைக்கு அனுப்பி, மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்து வந்தேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு குழாயும் நல்லாத் திறந்திருக்கு. மாசாமாசம் சரியா வருதா?"

"வருதுங்க டாக்டரம்மா. அதுதான வினையே."

அந்தம்மா சிரிக்கவில்லை. "உன் வீட்டுக்காரர் எங்க?"

"மாடு பாக்க வேற ஆளில்லைங்க."

"ஆறு வருசமா ஆளில்லையா?"

அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அதுவரைக்கும் எனக்கு யாரும் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. குடி என்பார்கள், படு என்பார்கள். இந்தம்மா சொன்னார். பெண்ணுக்கு மாசாமாசம் ஒரு முட்டை வளர வேண்டும். சிலருக்குச் சரியாக வளராது. அதற்கு மாத்திரை வந்திருக்கிறது. சிலருக்குக் குழாய் அடைத்திருக்கும். காசநோய் வந்து அடைத்ததும் உண்டு, பிரசவத்திலோ கருக்கலைப்பிலோ புண்ணாகி அடைத்ததும் உண்டு. சிலருக்குக் கழுத்தில் தைராய்டு கோளாறு. இதெல்லாம் பெண் பக்கம். ஆண் பக்கமும் இதே அளவுக்கு இருக்கிறது என்றார். விந்தில் உயிரணு குறைவாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. விதையில் நரம்பு சுருண்டு வீங்கியிருந்தால் ஆபரேசன் செய்யலாம். பீடி, சாராயம், சர்க்கரை நோய், அடுப்பு முன்னால் நிற்கிற வேலை எல்லாம் கெடுக்கும். வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து, வீக்கம் கீழே விதைக்கு இறங்கினாலும் கெடும்.

"பாக்குறதுக்கு ஆள் எப்படி இருப்பாக டாக்டரம்மா?"

"எப்படியும் இருக்க மாட்டாங்க. உன் வீட்டுக்காரர் மாதிரிதான் இருப்பாங்க. மூட்டை தூக்குவாங்க, சண்டை போடுவாங்க. கண்ணால பாத்துத் தெரியாது. மைக்ராஸ்கோப்புக் கண்ணாடில பாத்தாத்தான் தெரியும்."

ரப்பர் மூடி போட்ட சின்ன பாட்டில் ஒன்று கொடுத்தார். மூன்று நாள் விலகி இருக்க வேண்டும். விந்தை அதில் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். குளிர விடாமல் மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

வீட்டில் சொன்னேன். மாமியார் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.

"ஆம்பளைக்கு என்னடி டெஸ்ட்டு? அவன் என்ன நோக்காட்டுல கெடக்கானா? அத்தாம் பெரிய காளைய ஒத்தக் கையில பிடிச்சு நிறுத்துறான். அந்த டாக்டரம்மா வந்து நிறுத்திருவாளா?"

"காளையப் பிடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னாக அத்தை."

"அவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டு வந்து பேசு."

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பீடி முடிந்தது. எழுந்து தொழுவத்துக்குப் போனார். பிறகு ஒரு நாள் மட்டும் சொன்னார், தேனிக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிறதே, ஒரு மணிக்குள் எப்படி என்று. அது நல்ல காரணமாக இருந்தது. பாட்டில் எட்டு மாதம் மாடக்குழியில் இருந்தது. மாமியார் ஒரு தடவை அதில் காதுக்கு விடுகிற எண்ணெயை ஊற்றி வைக்கப் பார்த்தார். பிடுங்கி ஒளித்து வைத்தேன்.

அந்த வருசம் அறுப்பு முடிந்ததும் மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கையைப் பிடித்துக்கொண்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் உனக்குக் கெடுதி நினைப்பேனா?"

"இல்ல அத்தை."

"வெளியில இருந்து ஒருத்தியக் கொண்டாந்தா உன்னைய அடுப்படிக்கு அங்கிட்டு நிறுத்திருவா. உன் தங்கச்சின்னா உன்னைய அக்கான்னு கூப்பிடுவா. பிறக்கிறது உனக்கும் பிள்ளதான. ஒரு வயித்துப் பிள்ளைக ரெண்டு பேரும். என்ன சொல்றே?"

அவர் மனதறிந்து எனக்குச் செய்ய நினைத்த நல்லது அது. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஊரில் வேறு பலர் அக்காளைக் கேட்காமலேயே தங்கச்சிக்குத் தாலி கட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டார்.

தங்கச்சிக்குப் பதினெட்டு வயது. நான் தூக்கி வளர்த்தவள்.

அன்று என் வீட்டுக்காரரிடம், "பாட்டில் இருக்கு," என்றேன்.

நாலு நாள் கழித்து மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே சொன்னார். "மாட்டாஸ்பத்திரில மைக்ராஸ்கோப்பு இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மாட்டாஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து ஒரு மைல்தான். அங்கே புதிதாக ஓர் இளவயசு டாக்டர் வந்திருந்தார். சினை ஊசி போட்டால் நல்ல சாதிக் கன்று கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்து, "உங்க காளையோட விந்தை ஒரு நாள் கொண்டாங்க, எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமியார் அவரை மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்.

ஆக, காரணம் ஏற்கனவே இருந்தது. காளையின் பேரில் பாட்டில்தான் போக வேண்டும்.

மாமியார் சந்தைக்குப் போயிருந்த காலையில் போனோம். என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்தார். நான் பின்னால் உட்கார்ந்து பாட்டிலை மடியில் செருகியிருந்தேன். பாதையில் எதிரே வந்தவர் ஒருவர், "என்னப்பா, ஜோடியாக் கிளம்பிட்டீக" என்றார். "காளைக்கு மருந்து வாங்க" என்றார் இவர். பொய் சொன்னால் குரல் மாறும் அவருக்கு. அன்றைக்கு மாறவில்லை.

டாக்டர் பாட்டிலைக் கேட்டார். நான் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"எப்படி எடுத்தீங்க?"

"பசு மேல ஏறி இறங்கையில வழிஞ்சதப் பிடிச்சம் சார்."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அரை மணி."

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் குனிந்து பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"காளைக்கு வயசு என்ன?"

"முப்பத்திரெண்டு" என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர்.

"மாசமா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார். மாசம்."

டாக்டர் இன்னும் குனிந்தே இருந்தார். "சின்ன வயசுல ஏதாச்சும் நோவு வந்துச்சா? காதுக்குக் கீழ, கழுத்து வீங்குற மாதிரி?"

"வந்துச்சு சார். பதினேழு..."

"பதினேழு மாசத்துல."

"ஆமா சார்."

"என்ன வைத்தியம் பாத்தீங்க?"

"சங்கிலி போட்டாக சார்."

"காளைக்கா?"

"ம்."

எங்கள் பக்கம் பொன்னுக்கு வீங்கி வந்தால் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிடுவார்கள். பொன்னைக் கண்டால் வீக்கம் இறங்கும். இவருக்கும் இறங்கியிருக்கிறது. எங்கே இறங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. நடக்க முடியாமல் பத்து நாள் படுத்திருந்தாராம். சூட்டுக்கட்டி என்று இளநீர் கொடுத்தார்களாம். இதெல்லாம் பிறகு எனக்குச் சொன்னது.

டாக்டர் நிமிர்ந்து, கையைத் துடைத்தார். "இதுல உயிரணு ஒண்ணுகூடத் தெரியலைய்யா. தண்ணி மாதிரிதான் இருக்கு."

"ஓடலையா சார்?"

"இருந்தாத்தான ஓடும்."

"மருந்து இருக்கா?"

"ஒரு தடவை பாத்து முடிவு சொல்லக்கூடாது. ரெண்டு மூணு மாசம் விட்டு மறுபடி பாக்கணும். ஆனா இங்க வேண்டாம். மதுரைல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போயிப் பாருங்க."

"காளையவா சார்?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"காளையத்தாம்மா" என்றார் டாக்டர். பாட்டிலைத் தானே கழுவி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. படித்தவர்களில் அப்படி ஒருவரை நான் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் வாசலில் மாட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பாதியைக் கேட்டுவிட்டார். எங்கள் காளையை அவருக்குத் தெரியும். நாங்கள் வீடு சேர்வதற்குள் செய்தி ஊர் சேர்ந்துவிட்டது.

"இவுக காளை வெறும் தண்ணியாம்ல."

"ஏலே, போன வருசம்தானடா எங்க வீட்டுல கன்னு போட்டுச்சு."

"அது எந்தக் காளையோ. வயக்காட்டுல என்ன ஒரு காளையா திரியுது?"

அந்தக் காளைக்குப் பிறந்த கன்றுகள் வளர்ந்து ஐந்து ஊரில் பால் கறந்துகொண்டிருந்தன. எல்லாக் கன்றும் செவலை. கண்ணெதிரே நின்ற கன்றை யாரும் பார்க்கவில்லை, கண்ணாடியில் பார்த்ததைத்தான் நம்பினார்கள். மாமியார் வாசலில் நின்று கத்தினார். "ஊசி விக்கிறதுக்கு என் காளையக் கெடுத்துட்டானே! மலட்டுக் காளையா இது? மலட்டுக் காளையா?" என் வீட்டுக்காரர் அங்கேயே நின்றிருந்தார். அவர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் காளையைக் காப்பாற்றியிருக்கலாம்.

இரண்டு மாதம் ஒரு பசுவும் வரவில்லை. குறை காளை மேல் என்று ஊர் முடிவு செய்துவிட்டால் மாற்றியாக வேண்டும், சட்டம் சட்டம்தான். மாமியாரே விற்கச் சொன்னார். ஜெயமங்கலத்துக்காரர் ஒருவர் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டு, உழவுக்கு என்று ஓட்டிப்போனார். அங்கே போன அடுத்த வருசம் அது ஊரையே கன்றுகளால் நிரப்பியது என்று கேள்வி. காளையை ஓட்டிப்போன அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. காளைக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் தேனிக்குப் போய் லேடி டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தம்மாவுக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாட்டு டாக்டர் சொன்னதையே சொன்னார். இன்னொரு தடவை முறையாகப் பார்க்க வேண்டும், ஆளை நேரில் பரிசோதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "இன்னொரு தடவை பாக்கணுமாம்."

"ஒரு காளைய எத்தனை தடவை விக்கிறது?" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாமியார் முடிக்கவில்லை. வெற்றிலை பாக்கு பழத்தோடு ஆண்டிபட்டிக்குப் போனார். என் அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். ஆவணியில் நாள் குறித்தார்கள். நான் ஊருக்குப் போய் அம்மாவிடம் தனியாகப் பேசினேன்.

"வேண்டாம்மா."

"உன் பொழப்புக்குத்தான்டி செய்யிறேன். நாளைக்கு அவுக உன்னைய இங்கன கொண்டாந்து விட்டா என்ன செய்வே? நம்ம காட்டுல என்ன விளையுது?"

"அங்க போனா இவளுக்கும் பிள்ள பிறக்காது."

"வாயக் கழுவு. தங்கச்சிக்குச் சொல்ற வார்த்தையா இது? பொறாமை பிடிச்சவளே."

அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. புருசனைப் பற்றி அப்படி ஒரு சொல்லை எங்களில் யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். தங்கச்சி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது பஸ் வரை வந்தாள்.

"உனக்குக் கோவமாக்கா? நான் மாட்டேன்னு சொல்லட்டுமா?"

"சொன்னா விட்டுருவாகளா?"

"விட மாட்டாக."

"பெறகு எதுக்குக் கேக்குறே?"

பஸ் வந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தபோது மாமியார் பின்கட்டில் மலைவேம்பு மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். புது மருமகளுக்கு முதல் மாதத்திலிருந்தே கொடுத்துவிட வேண்டும், என் விசயத்தில் தாமதம் செய்துவிட்டோம் என்றார். என் வீட்டுக்காரர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மாமியார் உள்ளே போனதும் அவரிடம் சொன்னேன்.

"அவளுக்கும் சேத்து அரைக்கணும்னா இந்த ஒரு மரம் பத்தாதுங்க."

திரித்த கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

எமர்ஜென்சி வருசம் அது. குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் அப்போது பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றும். ஒலிபெருக்கியில் பாட்டு முதலில் கேட்கும், பிறகு ஜீப் வரும். பாட்டுக் கேட்டதும் எங்கள் ஊர் ஆம்பளைகள் கரும்புக்காட்டுக்குள் போய்விடுவார்கள். பிடித்துக்கொண்டுபோய் ஆபரேசன் செய்துவிடுகிறார்கள் என்று ஒரு பயம். எங்கள் ஊரில் அப்படி யாரையும் பிடித்ததை நான் பார்க்கவில்லை. பயம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

தங்கச்சி கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஜீப் வந்தது. ஊர் ஓடியது. அன்று காலையில் வயலுக்குப் போன என் வீட்டுக்காரர் மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, தோளில் ஒரு புது வேட்டி, இரண்டும் ஆபரேசன் செய்துகொண்டவர்களுக்குக் கொடுப்பது. காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். தெருவில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மாமியார் தெருவில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார்.

"ஒத்தப் பிள்ளைய அறுத்து விட்டாகளே! ஒரு பிள்ளகூடப் பெக்காத பயலப் பிடிச்சு அறுத்துட்டாகளே! இவுக குடும்பம் வெளங்குமா?"

கரும்புக்காட்டிலிருந்து வந்தவர்களெல்லாம் எங்கள் வாசலில் கூடினார்கள். காளை விசயத்தில் சிரித்தவர்கள்கூட வந்தார்கள். "எங்கனடா பிடிச்சாக?" என்று கேட்டார்கள். "வாய்க்கா மேட்டுல" என்றார் இவர். "எத்தனை பேர் பிடிச்சாக?" "நாலு பேரு." "திமிறிப் பாக்கக் கூடாதா?" "பாத்தேன்." ஒருவர் பால் கொண்டுவந்து கொடுத்தார். ஒருவர் தலையணை கொடுத்தார். பஞ்சாயத்தில் மனு எழுத வேண்டும் என்றார் இன்னொருவர். ஊரில் அவருக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

கூட்டம் போன பிறகு என்னிடம் சொன்னார். அவரே போய் ஜீப்பை நிறுத்தி ஏறியிருக்கிறார். பெரியகுளம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம்.

"பிள்ள எத்தனைன்னு கேட்டாக. மூணுன்னேன். பேரக் கேட்டாக. நம்ம கன்னுக பேரச் சொன்னேன். எழுதிக்கிட்டாக."

"வலிச்சுச்சா?"

"ஊசி போட்டுத்தான் செஞ்சாக. தெரியல."

"எதுக்குங்க போனீக?"

"மரம் பத்தாதுன்னியே."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எங்களுக்குள் இந்த விசயம் அதற்குப் பிறகு பேசப்படவில்லை. பேச என்ன இருந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் கத்தியை வைத்துவிட்டு வந்திருந்தார்.

மூன்றாம் நாள் ஆண்டிபட்டியிலிருந்து தட்டு திரும்பி வந்தது. அறுத்தவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அம்மா சொல்லியனுப்பினாள். மாமியாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. அடுத்த தையில் தங்கச்சியைப் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கொடுத்தார்கள்.

மலைவேம்புச் சாறு அன்றோடு நின்றது. மாமியார் என்னிடம் நடந்துகொள்கிற விதமே மாறியது. சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்தார். வந்தவர்களிடமெல்லாம், "என் மருமக வயித்துல ஒரு குறையும் இல்ல. மதுரைல படம் எடுத்துப் பாத்தாச்சு. ரெண்டு குழாயும் திறந்துதான் இருக்கு" என்பார். அந்தப் படத்தை நான் காட்டியபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது டிரங்குப் பெட்டியில் வைத்திருந்து எடுத்துக் காட்டுவார். அடுத்து வந்த தேர்தலில் அறுத்தவர்களுக்கு எதிராக ஓட்டுப் போட வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

வெட்டியதை மறுபடி ஒட்டுகிற ஆபரேசன் மதுரையில் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்கும் மகனை விரட்டினார். அவர் ஒரு நாள் காலையில் போய்ச் சாயங்காலம் வந்து, ஒட்டுவதற்குக் குழாயில் நுனி பத்தாது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. சட்டைப் பையில் சினிமா டிக்கெட் இருந்தது. அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

தங்கச்சிக்கு ஒன்பதாம் மாதம் ஆண்டிபட்டியில் வளைகாப்பு நடந்தது. பிள்ளை இல்லாதவள் வளையல் போடக் கூடாது என்பது முறை. இத்தனை வருசமாக எத்தனையோ வளைகாப்புக்கு நான் சமையல்கட்டோடு நின்றிருக்கிறேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை. நானே நின்றுகொள்வேன். அன்றும் அப்படித்தான் நின்றேன். மாமியார் வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ எதுக்குடி இங்கன நிக்கிறே? நீ என்ன மலடியா? நீ போடலாம், வா."

சபையில் முணுமுணுப்பு. ஒரு பெரியம்மா வாயைத் திறந்தே கேட்டார். "கவர்மெண்டு அறுத்ததுக்கு முன்னாடி ஆறேழு வருசம் இருந்துச்சே ஆத்தா. அப்ப ஏன் நிக்கல?"

சபை மாமியாரைப் பார்த்தது. அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"எட்டு வருசம் கழிச்சுப் பெத்தவுக ஊர்ல இல்லையா? அந்த மாசம் நிக்க இருந்துச்சு. அதுக்குள்ள வந்து அறுத்துட்டாக."

மலடிக்கு முறை இருந்தது, விதவைக்கு முறை இருந்தது. அரசாங்கம் கெடுத்தவளுக்கு என்ன முறை என்று யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. அந்தப் பெரியம்மாவே நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

தங்கச்சி மணையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கை நீட்டினாள். எனக்குச் சந்தனம் பூசவே கை வரவில்லை. பூசினேன். பச்சை வளையல் ஒன்றை எடுத்து ஏற்றினேன். கை உப்பியிருந்ததால் இறங்கவில்லை. அழுத்தினேன்.

"மெதுவாக்கா. வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றேன். "அந்தக் கையையும் நீட்டு."